முன் மட்கார்டை எவ்வளவு நீட்டலாம்? மலைப்பாதையில் ஓட்டும் ஒருவருக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். உங்களிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக். வேலை சோலூர்மட்டம் பக்கம் எஸ்டேட்டில். வாரக் கடைசியில் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ரேடியேட்டர், பெண்டு பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற குழாய்), முழங்கால் வரை பேன்ட் என்று எல்லாம் செம்மண் குழம்பு. முன் மட்கார்டுக்குக் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் துண்டு) போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் "வேண்டாம், வீலில் மாட்டும்" என்கிறார். நண்பர் "தரையைத் தொடுகிற வரைக்கும் இறக்கு" என்கிறார்.

போடலாம், நிச்சயம் பலன் இருக்கிறது. ஆனால் நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். மெக்கானிக்கின் பயத்தில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் தருகிற பலனில் பெரும்பகுதி முதல் 10 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அதற்கு மேல் இறக்க இறக்கப் பலன் குறையும், ஆபத்து கூடும். எப்படி என்று சொல்கிறேன்.

டயர் தண்ணீரை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது, வண்டியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு டயரின் அடிப்பகுதி பின்னோக்கி ஓடுகிறது, பின்பகுதி மேல்நோக்கி ஏறுகிறது. ஒட்டியிருக்கிற தண்ணீரும் சேறும் பொடிக்கல்லும் எந்த இடத்தில் பிடி விடுகிறதோ, அந்த இடத்தில் டயர் போய்க்கொண்டிருக்கிற திசையிலேயே பறக்கும். தரைக்குப் பக்கத்தில் பிடி விட்டால் தாழ்வாகப் பின்னால் போய் பேஷ் பிளேட்டில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கிற காப்புத் தகட்டில்) அடிக்கும். அச்சு உயரத்துக்கு வந்து பிடி விட்டால் ஏறக்குறைய நேர் மேலே ஏறும். ரேடியேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் உங்கள் முழங்காலுக்கும் போவது இந்த மேல்நோக்கிப் போகிற தண்ணீர்தான்.

உங்கள் வண்டியின் முன் டயர் 90/90-21. அதன் ஆரம் சுமார் 35 செ.மீ. டயரின் பின் விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி, எஞ்சினுக்குப் பதிலாக ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் முடிந்தால், அதற்குக் கீழே பிடி விடுகிற துளி அந்தச் சுவரில் ஒரு மீட்டருக்கு மேலேகூடப் போய் அடிக்கும். அதாவது எதற்குமே பாதுகாப்பு இல்லை. மட்கார்டின் முனையை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், துளி எட்டுகிற உச்சம் சுமார் 60 செ.மீ. ஆகிவிடும். இன்னும் இறக்கி 12 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் சுமார் 40 செ.மீ. காற்றை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, உண்மையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போக்கு புரிகிறதல்லவா? முதல் 10 செ.மீ. இறக்கியதில் ஒரு மீட்டருக்கு மேல் இருந்த உச்சம் 60-க்கு வந்துவிட்டது. அடுத்த 8 செ.மீ. தருவது வெறும் 20. அந்த 8 செ.மீ.-க்காக வேகத்தடையிலும் பாறையிலும் அடிபடுகிற ஒரு பொருளை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டியிருக்கிறது.

ஆகவே அடுத்த மழையில் வண்டியை உடனே கழுவாமல், காய விட்டு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். சேறு தானாகவே கோடு போட்டுக் காட்டியிருக்கும். பேஷ் பிளேட்டில் தடிமனாக அப்பியிருக்கும். அதற்கு மேலே பெண்டு பைப்பில் வெந்து காய்ந்த பழுப்புப் புள்ளிகள். ரேடியேட்டரில் நடுப்பகுதி நிறைந்து ஓரங்கள் சுத்தமாக இருந்தால், வீச்சு நேராக டயரிலிருந்து வருகிறது என்று அர்த்தம், எக்ஸ்டென்ஷன் உதவும். ஓரங்களிலும் சமமாகச் சேறு இருந்தால், அதில் பாதி எதிரே வருகிற லாரியும் பஸ்ஸும் அடித்தது. அதற்கு எந்த மட்கார்டும் பதில் சொல்லாது. கேத்தி பாலாடா பக்கம் கேரட் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

சரி, மெக்கானிக்கின் பயத்துக்கு வருவோம். மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், எக்ஸ்டென்ஷனுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி மாறாது. மாறுவது எக்ஸ்டென்ஷனுக்கும் எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி. இதைப் பலர் கவனிப்பதில்லை. முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய்) செங்குத்தாக நிற்பதில்லை, சுமார் 26, 27 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அதனால் ஃபோர்க் அமுங்கும்போது சக்கரம் மேலே மட்டும் போகாது, பின்னாலும் வரும். ஹிமாலயன் 450-இன் முன் சஸ்பென்ஷன் பயணம், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம், 200 மி.மீ. அது முழுவதும் அமுங்கினால் சக்கரம் சுமார் 18 செ.மீ. மேலேறி, சுமார் 9 செ.மீ. பின்னால் வந்திருக்கும். நிற்கிற வண்டியில் எக்ஸ்டென்ஷனுக்கும் பெண்டு பைப்புக்கும் நடுவே ஒரு கை புகுகிற இடம் இருக்கிறதே என்று நினைத்தால், அந்த இடம் அப்படியே காணாமல் போகும்.

சமவெளியில் இந்த முழு அமுக்கம் எப்போதாவது வரும். நம் பாதையில் அப்படியில்லை. குஞ்சப்பனைக்கு இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் முன் பிரேக் பிடிக்கிறோம், ஃபோர்க் முன்கூட்டியே பாதி அமுங்கியிருக்கிறது, ஹேண்டில் திரும்பியிருக்கிறது, அந்த நேரத்தில் வளைவின் உள்பக்கத்தில் மழை அரித்த பள்ளம். மூன்றும் ஒரே நொடியில் சேருகின்றன. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்குகிற 36 வளைவுகளில் சரிவு இன்னும் அதிகம். மலையில் எக்ஸ்டென்ஷன் போடுகிறவர் அளவெடுக்க வேண்டியது இந்த நொடிக்குத்தான், கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கிற வண்டிக்கு அல்ல.

அளக்கிற முறை எளிது. எக்ஸ்டென்ஷன் அளவுக்கு ஒரு தடித்த அட்டையை வெட்டி, மட்கார்டில் டேப்பால் ஒட்டுங்கள். வண்டியை நேராக நிறுத்தி, அட்டையின் கீழ் முனையிலிருந்து எஞ்சின் பக்கம் இருக்கிற முதல் பொருள் வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். அது பெண்டு பைப்போ, பேஷ் பிளேட்டோ, கிராஷ் கார்டோ எதுவாகவும் இருக்கலாம். ஃபோர்க்கின் சாய்வுக் கோட்டிலேயே அட்டை 20 செ.மீ. நகர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று ஒரு நீள ஸ்கேலை ஃபோர்க்குக்கு இணையாகப் பிடித்துப் பாருங்கள். அங்கே எதுவும் இடிக்கக் கூடாது, ஒரு விரல் அளவாவது மிச்சம் இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போதே ஃபோர்க் தன் எடைக்குக் கொஞ்சம் அமுங்கியிருப்பதால், இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, அட்டையின் மூலைகள் எதையாவது தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேரை ஏற்றி அமுக்கியும் பாருங்கள். ராட்செட் பெல்ட் (சாமான் கட்டி இறுக்குகிற பட்டை) இருந்தால் ஹேண்டிலையும் அச்சையும் சேர்த்து இழுத்துக் கட்டி அமுக்குவது இன்னும் நல்லது.

அட்டை தப்பித்தால் எக்ஸ்டென்ஷனும் தப்பிக்கும். அட்டை மடங்கினால் நீளத்தைக் குறையுங்கள். "கொஞ்சம்தானே தொடுகிறது" என்று விடக் கூடாது, ஏனென்றால் பெண்டு பைப் தொட்டால் பிளாஸ்டிக் உருகும், உருகி வளைந்த பிளாஸ்டிக் டயர் பக்கம்தான் சாயும்.

டயருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். தார் ரோட்டுக்கு ஒரு விரல் போதும். ஆனால் உங்கள் எஸ்டேட் பாதையின் செம்மண் நனைந்தால் களிமண்ணாகிவிடுகிறது. டயரின் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே அப்பி, மட்கார்டின் உள்பக்கம் சேர்ந்து, கெட்டிப்பட்டு, கடைசியில் சக்கரமே சுற்ற மறுக்கும். மட்கார்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு சேறு அடைகிற இடம். மெக்கானிக் சொன்ன "வீலில் மாட்டும்" என்பது நிஜமாக நடப்பது இப்படித்தான். அதனால் மழைக்காலத்தில் தினமும் களிமண் பாதையில் போகிறவருக்கு நீண்ட எக்ஸ்டென்ஷனை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு தார் ரோடும் உண்டு, மண் பாதையும் உண்டு. ஆகவே இரண்டு துண்டாகச் செய்துகொள்ளுங்கள். மேல் துண்டு மட்கார்டோடு நிரந்தரமாக இருக்கட்டும், 5 அல்லது 6 செ.மீ. போதும். கீழ்த் துண்டு மென்மையான ரப்பர், கழற்றி மாட்டுகிற மாதிரி.

இந்த ரப்பர் யோசனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கல்லில் மோதினால் கெட்டிப் பிளாஸ்டிக் உடையும், அல்லது மட்கார்டையே பிளந்துகொண்டு போகும். ரப்பர் மடங்கி நிமிரும். தேயிலைத் தொழிற்சாலைகளில் கழித்துப் போடுகிற கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல பொருள் இல்லை. இரண்டு, மூன்று மி.மீ. தடிமன் போதும். லாரி மட் ஃபிளாப்பும் ஆகும், ஆனால் பெரும்பாலும் அது தடிமனாக, கனமாக இருக்கும். தட்டையான ரப்பரை அப்படியே தொங்கவிட்டால் காற்றில் பின்னால் பறந்து, தண்ணீர் அடியில் புகுந்துவிடும். அதனால் மேல் துண்டின் வளைவிலேயே இறுக்கமாகப் பொருத்துங்கள். வளைந்த ரப்பர் தானாகவே விறைப்பாக நிற்கும். அகலம் டயரைவிட இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக இருந்தால் பக்கவாட்டு வீச்சும் அடங்கும்.

இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம். வெல்டிங் கடையில் "ஸ்ட்ராங்கா பண்ணித் தரேன்" என்பார்கள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள் எதுவானாலும், அது பிய்ந்தால் சக்கரத்தைப் பிடிக்காமல் தான் உடைந்து போக வேண்டும். பின் சக்கரம் பிடித்தால் வண்டி வழுக்கும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் பிடித்தால் நேராக ஹேண்டிலுக்கு மேலே தூக்கிப் போட்டுவிடும்.

இனி ஒட்டுவதா, துளையிடுவதா என்ற கேள்வி. கடையில் வாங்குகிற எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வரும் (பிரேக் ஏபிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை), கூடவே இரட்டைப் பக்க நுரை டேப் கொடுப்பார்கள். இந்த டேப் நன்றாகப் பிடிக்குமா என்பது உங்கள் மட்கார்டு எதில் செய்தது என்பதைப் பொறுத்தது. டார்ச் அடித்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். அச்சில் வார்க்கும்போதே அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர் பொறித்திருப்பார்கள். ஏபிஎஸ் என்றிருந்தால் டேப் நன்றாகப் பிடிக்கும். பிபி என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், கொஞ்சம் மெழுகு தடவியது போல வழுக்கும், எந்தப் பசையும் லேசில் ஒட்டாது. அதற்கு 3எம் 94 மாதிரியான பிரைமர் (பசை பிடிப்பதற்கான முன்பூச்சு) தடவிவிட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும். பிபி மட்கார்டாக இருந்தால் டேப்பை மட்டும் நம்பி மலை இறங்காதீர்கள்.

ஒட்டுகிற இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கைக்குப் போடுகிற சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருப்பதால் படலம் விட்டுவிடும். பெட்ரோலும் தின்னரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அப்புறம் குளிர். இந்த வகை டேப்புகள் அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், ஒரு நாளில் 90 சதவீதமும், 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பும் பெறுகின்றன. 10 டிகிரிக்குக் கீழே ஒட்டினால் பசை இறுகிக் கிடக்கும், பரப்பில் படிந்தே கொடுக்காது. மார்கழி காலையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுகிற இடத்தில் ஒட்டிவிட்டு "டேப் சரியில்லை" என்று சொன்னால் டேப் என்ன செய்யும்? மதிய வெயிலில் செய்யுங்கள், அல்லது ஹேர் டிரையரால் இரண்டு பரப்பையும் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒட்டியபின் மூன்று நாள் மழையில் எடுக்காதீர்கள்.

ஆகவே பருவம் பார்த்துச் செய்வது நல்லது. நீலகிரியில் எல்லா இடத்துக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். உங்கள் கோத்தகிரிப் பக்கமும் குன்னூரும் வடகிழக்கு மழையில் நனைகிறவை, உங்களுக்கு செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது.

என் யோசனை டேப்போடு போல்ட்டும் சேர்ந்து. துளை போடத் தயங்குகிறீர்கள் என்றால் புரிகிறது, வண்டி புதுசு. முதலில் டேப்பால் மட்டும் ஒட்டி தார் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், நீளம் சரி என்று திருப்தி வந்தபின் துளையிடுங்கள். மூன்று போல்ட் போதும். எம்5 அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உருண்டைத் தலை உள்ளது. தலை டயர் பக்கம் இருக்க வேண்டும், நட்டும் போல்ட்டின் நுனியும் வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் நீட்டிக்கொண்டிருக்கிற நுனி ஒரு நாள் டயரைக் கிழிக்கும். நைலாக் நட்தான் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட வேண்டும், சாதா நட் அதிர்வில் கழன்றுவிடும். பிளாஸ்டிக்குக்கு இரண்டு பக்கமும் அகல வாஷர், வெளிப்பக்கம் அதற்கடியில் மெல்லிய ரப்பர் வாஷர். முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள், துளையிலிருந்து விரிசல் ஓடும். டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, துளையின் விளிம்பில் இருக்கிற பிசிறைப் பிளேடால் வழித்துவிடுங்கள். கழற்றி மாட்டுகிற ரப்பர்த் துண்டுக்கும் இதே போல்ட்தான். 8 ஸ்பேனரும் 3 மி.மீ. ஆலன் கீயும் டூல் பையில் இருந்தால் மண் பாதை ஆரம்பிக்கிற இடத்திலேயே கழற்றிவிடலாம். ஆனால் நைலாக் நட்டை மறுபடி மறுபடி போட்டால் பிடிப்பு தளர்ந்துவிடும், கையில் சுற்றினாலே ஓடுகிறது என்றால் புதிது மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷனை மட்கார்டின் வெளிப்பக்கம் வைத்து ஒட்டுவதைத்தான் நான் விரும்புவேன், டயர் இடைவெளி குறையாது. மேலே 4 செ.மீ. ஆவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சேருகிற இடத்தில் உள்பக்கம் ஒரு படி மாதிரி நிற்கும், அங்கே பொடிக்கல் சிக்கும். அந்த இடத்தை சிலிக்கான் வைத்து விரலால் சரிவாக வழித்துவிடுங்கள். முன் சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சார் வயரும் பிரேக் ஹோஸும் அந்தப் பக்கமாகத்தான் வருகின்றன. எக்ஸ்டென்ஷனின் விளிம்பு அவற்றில் உரசினால் சில மாதங்களில் அறுத்துவிடும். விளிம்பை மணல் தாளால் உருட்டி, வயருக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் ரேடியேட்டருக்குக் கவலையே இல்லையா என்றால், இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் உங்கள் டயர் வீசுவதைக் குறைக்கும். முன்னால் போகிற லாரியின் டயர் தெறிக்கிற கல்லுக்கு ரேடியேட்டர் கார்டு (ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுகிற தடுப்பு) தனியாக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதலில் கார்டு போடுங்கள். சேற்றைக் கழுவிவிடலாம், துளை விழுந்த ரேடியேட்டரோடு மலையில் நிற்பது வேறு சங்கதி. கழுவும்போது சர்வீஸ் கடை ஹை பிரஷர் பைப்பை ரேடியேட்டர் மேல் நேராகப் பிடிக்க விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸில், முடிந்தால் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டால் உள்ளே புகுந்த மண் வந்த வழியே வெளியே போகும்.

உங்கள் அண்ணன் வைத்திருக்கிற கிளாசிக் 350-க்கும் கேட்டிருந்தீர்கள். அது காற்றில் குளிர்கிற எஞ்சின், ரேடியேட்டர் இல்லை, முன் சஸ்பென்ஷன் பயணமும் 130 மி.மீ. தான், ஆகவே வேலை சுலபம். ஆனால் மட்கார்டு இரும்பு. துளை போட்டால் வெட்டுமுகத்தில் உடனே பிரைமரும் பெயிண்டும் தடவ வேண்டும். நம் ஊர் ஈரத்தில் துரு ஒரு மழைக்காலத்திலேயே சுற்றிப் படர்ந்துவிடும். பழைய புல்லட்காரர்கள் மட்கார்டு முனையில் போட்டுக்கொள்கிற சின்ன ரப்பர் ஃபிளாப்பே அவருக்குப் போதும்.

மாட்டியபின் முதல் தடவை மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பாதி வழியில் ஓரிடத்தில் பாதுகாப்பாக நிறுத்தி மூன்று இடங்களைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனின் பின்பக்கத்தில் புதுக் கீறல் இருந்தால் எஞ்சினைத் தொட்டிருக்கிறது, ஒரு செ.மீ. வெட்டுங்கள். உள்பக்கத்தில் நீளவாக்கில் பளபளப்பான தடம் இருந்தால் டயரோ அதில் சிக்கிய கல்லோ உரசுகிறது, இடைவெளியைக் கூட்டுங்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம், இறுக்கத்தைத் தளர்த்தி அகலமான வாஷர் போடுங்கள். அதற்குப் பிறகு வண்டி கழுவுகிற ஒவ்வொரு தடவையும் எக்ஸ்டென்ஷனைக் கையால் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தால் போதும். ஆடினால் அன்றைக்கே கழற்றிவிட்டு, சரிசெய்தபின் மாட்டுங்கள்.